மீட்டர் கணக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, நம் வாய்க்காலில் இன்னும் ஏறவில்லை. உங்கள் பெங்களூருக்கும் காவிரிதானே குடிதண்ணீர். எங்களுக்கு முன்னால் நீங்கள் மொண்டுகொள்கிறீர்கள். அது கிடக்கட்டும்.

மீட்டரில் எட்டாயிரம் லிட்டர் ஓடியது, இப்போது நாலாயிரம்தான், அப்பா குழாய் வாயில் மாட்டிய ஏரேட்டர்தான் காரணம் என்று போனில் சொன்னாய். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் பெருமைதான். ஆனால் நம் நீடாமங்கலம் மூணாறு தலைப்பு அணையில் முப்பது வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கியவன் நான். கணக்கு உதைக்கிறது.

ஏரேட்டர் தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும். கை கழுவ, பாத்திரம் அலச மிச்சமாகும். குளிக்க வாளி பிடித்தால் இருபது லிட்டர் வாளிக்கு இருபது லிட்டர்தான், நிரம்ப நேரம் கூடும், அவ்வளவே. நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. இரண்டு பேருக்கு மாதம் 8,100. அதற்கு மேல் நான் கணக்குப் போடவில்லை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள் நீ, என்னிடம் போய் ஏரேட்டர் என்கிறாய்.

சரி, மாட்டியதை ஒழுங்காக வைத்துக்கொள். போர் தண்ணீர் கலந்து வந்தால் உப்பு படிந்து வலை அடைக்கும். மாதம் ஒரு தடவை கழற்றி, ராத்திரி வினிகரில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷால் தேய். சித்திரையில் நான் இருந்த நாலு நாளும் டம்ளரில் ஒரு பிரஷ்தான் இருந்தது. மாப்பிள்ளை டூர் என்றாய். பொங்கலுக்கும் டூர் என்றாய்.

ஃபிளஷ் டேங்கையும் பார். சின்ன பட்டன் 3 லிட்டர், பெரியது 6. அடி வாஷர் போனால் சத்தமில்லாமல் கசிந்துகொண்டே இருக்கும். டேங்கில் கொஞ்சம் பீட்ரூட் சாறு ஊற்றி அரைமணி நேரம் தொடாமல் விடு. கோப்பையில் சிவப்பு தெரிந்தால் வாஷரை மாற்று. டேங்குக்குள் அந்த நீலக் கட்டியைப் போடாதே, ரப்பரை அரித்துவிடும். வலையை மறக்காமல் வினிகரில் போடு.

நம் கொல்லைக் குழாய் ஞாபகம் இருக்கிறதா? சில்லறைக் காசு வாஷர். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுக விட்டேன். அப்போதுதான் அத்தை பெட்டியோடு வந்து நின்றாள். அன்று ராத்திரி அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தாள். சொட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டு நான் உள்ளே படுத்திருந்தேன். எழுந்து போய், என்னம்மா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே என்ற பயம்தான், வேறென்ன. விடிந்ததும் நீடாமங்கலத்தில் நானே பஸ் ஏற்றிவிட்டேன். போகும்போது அவள் ஒன்றும் சொல்லவில்லை, வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்லு என்று நான்தான் சொன்னேன். திரும்பி வந்து முதல் வேலையாக வாஷரை மாற்றினேன். மீதி உனக்கே தெரியும்.

மாடி அறையை ஒட்டி பாத்ரூம் கட்டியாகிவிட்டது. இரண்டு பட்டன் டேங்க்தான் போட்டிருக்கிறேன், ஏரேட்டரும் வைத்தாயிற்று. யாருக்கு இவ்வளவு செலவு என்று அம்மா கேட்கிறாள். புழங்காமல் கிடந்தால் ரப்பர் காய்ந்துவிடும் என்று பிளம்பர் வேறு சொல்லிவிட்டுப் போனான்.

இந்த மாத மீட்டர் எவ்வளவு என்று எழுது. போனில் வேண்டாம், அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். எனக்கு மட்டும் எழுது.

அப்பா