ஒவ்வொரு டைவரிடமும் ஒரு மிதவை: ஸ்கூபா பயிற்சி மையங்களுக்குத் திறந்த மடல்

பயிற்சி மையங்களை நடத்துவோருக்கும், பயிற்றுநர்களுக்கும், டைவ் படகுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கடலில் இறங்கும் ஒவ்வொரு டைவரும் தனக்கென ஒரு மிதவையும் (நீருக்குள்ளிருந்தே காற்று ஊதி, கயிற்றோடு மேலே அனுப்பும் நீண்ட பை) கயிற்று ஸ்பூலும் வைத்திருக்க வேண்டும். அந்த மிதவையை நடுநீரில், தரையில் முழங்காலிடாமல், மிதந்தபடியே மேலே அனுப்பத் தெரிந்த பிறகுதான் அவருக்குச் சான்றிதழ் தர வேண்டும். வழிகாட்டியிடம் ஒன்று இருந்தால் போதும் என்ற வழக்கம் பல இடங்களில் நிலைத்துவிட்டது. நீரோட்டம் குழுவைப் பிரிக்கும்போது அந்த ஒரு மிதவை வழிகாட்டியோடு போய்விடும். யாரைத் தேட வேண்டுமோ அவர் கையில் எதுவும் இருக்காது.

டைவர் மேலே வந்ததும் நீருக்கு வெளியே தெரிவது ஒரு சாண் உயரத் தலை. அதிலும் பாதிப் பேர் கறுப்பு உடையில் இருப்பார்கள். அலை அரை மீட்டர் எழுந்தாலே படகிலிருந்து பார்ப்பவருக்கு அந்தத் தலை வந்து வந்து மறையும். எதிர்வெயில் என்றால் அதுவும் தெரியாது. மிதவை இருந்தால், ஆள் மேலே வருவதற்குப் பல நிமிடங்கள் முன்பே, இந்த இடத்தில் கீழே ஒருவர் இருக்கிறார் என்று படகோட்டிக்குத் தெரிந்துவிடும். ப்ரொப்பெல்லர் சுழலும் இடத்தில் இந்த முன்னறிவிப்பு உயிரைக் காக்கும்.

எந்த மிதவை? 90 சென்டிமீட்டர் நீளத்தில், அடிப்பக்கம் முழுதாகத் திறந்த பை மலிவாகக் கிடைக்கிறது. அதைப் பயிற்சிப் பெட்டிகளில் வைக்காதீர்கள். மேலே போய்ச் சாய்ந்ததும் காற்றைக் கொட்டிவிட்டு அது தரைவிரிப்புபோல் படுத்துவிடும். குறைந்தது 1.2 மீட்டர் நீளம், திறந்த கடலுக்கு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போன காற்றை வெளியே விடாத தடுப்பு மடல், காற்று மிகுந்தால் தானே திறக்கும் வால்வு, வாயால் ஊதும் குழாய் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தலைப்பகுதியில் ஒளி திருப்பும் பட்டையும் விளக்குச் செருகும் வளையமும் இருந்தால் அந்தி நேரத்தில் உதவும்.

காற்றுக் கணக்கை மாணவர்களுக்கு எண்களோடு சொல்லிக்கொடுங்கள். தட்டையாக வைத்தால் 15 சென்டிமீட்டர் அகலமும் 1.2 மீட்டர் நீளமும் உள்ள மிதவைக்குள் ஏறத்தாழ 8.6 லிட்டர் காற்று பிடிக்கும். ஒரு நீண்ட மூச்சில் சுமார் 3 லிட்டர் ஊதலாம். நீர்மட்டத்தில் அழுத்தம் சுமார் 1 பார், 5 மீட்டர் ஆழத்தில் 1.5 பார். அங்கே ஊதிய 3 லிட்டர், மேலே போய் 4.5 லிட்டராகும், மிதவை பாதிதான் நிரம்பும், தொய்ந்து நிற்கும். 12 மீட்டரில் அழுத்தம் 2.2 பார் என்பதால் அதே மூச்சு 6.6 லிட்டராகி மிதவையை நிமிர்த்தும். 20 மீட்டரில் ஊதினால் 9 லிட்டராகி, மிகுதி வால்வு வழியே கசிந்துவிடும்.

அதனால்தான் மேலேறும் வழியில் 5 மீட்டரில் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் மட்டும் மிதவை விடக் கற்றுக்கொடுப்பது போதாது என்கிறோம். அங்கே இரண்டாவது மூச்சு தேவைப்படும். அதற்குள் கையிலிருக்கும் பை சுமார் 3 கிலோ விசையோடு ஆளை மேல்நோக்கி இழுக்கத் தொடங்கியிருக்கும். 10 முதல் 12 மீட்டரில் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டு, கயிற்றைச் சுற்றிக்கொண்டே ஏறுவது எளிது. படகுக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கயிற்றுக்கு ரீலைவிட ஸ்பூலே எங்கள் தேர்வு. ரீலில் பூட்டு உண்டு, கைப்பிடி உண்டு, கயிறு பக்கவாட்டில் நழுவிச் சிக்கும் இடுக்கும் உண்டு. பூட்டை விடுவிக்க மறந்தால் ரீலோடு ஆளும் மேலே போவார். ஸ்பூல் நடுவில் துளையுள்ள வெறும் உருளை, கெட்டுப்போக அதில் எதுவும் இல்லை. 12 மீட்டரிலிருந்து விடுபவருக்கு 30 மீட்டர் கயிறு தாராளம். நீரோட்டம் கயிற்றை வில்லாக வளைப்பதால் ஆழத்துக்குச் சரியான அளவில் எடுத்தால் போதாமல் போகும். கயிற்றைக் கரையிலேயே மிதவையில் கட்டிவிடுங்கள். நீருக்குள் கையுறையோடு முடிச்சுப் போடும் வேலை வேண்டாம்.

இனி, விடும் முறை. முதலில் உடன் இறங்கிய இணை டைவருக்குச் சைகை காட்டி, ஆழத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுக்க வேண்டும். மிதவையை எடுத்து, ஸ்பூலில் மாட்டியிருக்கும் இருமுனை ஸ்னாப்பை (இரு முனையிலும் திறக்கும் கொக்கியை) கழற்றி உடையின் வளையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஸ்னாப்புக்கு மட்டுமே அந்த வளையம். ஸ்பூலையோ கயிற்றையோ விடும் நேரத்தில் உடலில் எங்குமே மாட்டக் கூடாது. பிறகு மேலே பார்க்க வேண்டும்: படகின் அடிப்பாகம் தெரிகிறதா, வேறு டைவர் இருக்கிறாரா, படகின் இரைச்சல் நெருங்குகிறதா?

இப்போது கைகளைக் கவனியுங்கள். ஒரு கை மிதவையின் ஊதுகுழாயைப் பிடித்திருக்கிறது. மறு கை முழுதாக நீட்டி, ஸ்பூலின் நடுத்துளையில் கட்டைவிரல் ஒரு பக்கமும் நடுவிரல் மறுபக்கமுமாக மென்மையாகத் தாங்கி நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் கயிறு தொய்வில்லாமல், உடலிலிருந்து விலகி ஓடுகிறது. நன்றாக மூச்சிழுத்து, மூச்சுக்கருவியான ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து, முழு மூச்சையும் ஊதி, ஊதி முடித்த கணமே மிதவையை விட்டுவிட வேண்டும். அடுத்த மூச்சு அதற்குப் பிறகுதான். நுரையீரலிலிருந்து பைக்குள் காற்று இடம் மட்டும் மாறும்போது மிதப்பு மாறாது. பையைப் பிடித்துக்கொண்டே மறுபடி மூச்சிழுத்தால்தான் ஆள் மேலே எழுவார். இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட மாணவர் பாதிக் கிணறு தாண்டிவிடுவார்.

ஆக்டோபஸ் எனப்படும் உபரி ரெகுலேட்டரின் பட்டனை அழுத்திக் காற்று நிரப்புவதைத் தொடக்கநிலைக்காரர்களுக்குச் சொல்லித்தராதீர்கள். பையின் வாய்க்குள் ஆக்டோபஸ் சிக்கும், கயிறு அதைச் சுற்றும். குளிர்ந்த நீரில் அது உறைந்து காற்றைக் கொட்டிக்கொண்டே இருக்கவும் கூடும்.

மிதவை போகும்போது ஸ்பூல் விரல்களுக்கிடையே சீறிச் சுழலும். சிக்கினால் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஸ்பூலை விட்டுவிடுங்கள். தொலைவது ஒரு மிதவையும் கொஞ்சம் கயிறும். பிடித்துக்கொண்டு போனால் கட்டுப்பாடற்ற ஏற்றம், அதன் பின்னே நுரையீரல் காயமும், உடலில் வாயுக் குமிழ்கள் உண்டாகும் டீகம்ப்ரஷன் நோயும் வரலாம். 'விடு' என்ற அந்த அனிச்சை வரும்வரை, ஸ்பூலைக் கைவிடுவதைத் தனிப் பயிற்சியாகவே நடத்துங்கள்.

சுழற்சி நின்றதும் தொய்வைச் சுற்றியெடுத்து, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏறலாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கும்போது கயிற்றை ஸ்னாப்பால் ஸ்பூலில் பூட்டி, மெல்லக் கீழே இழுத்தபடி இருக்க வேண்டும். 2 கிலோ இழுத்தால் 2 லிட்டர் அளவு மிதவை நீருக்குள் இறங்கும், அதாவது ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். மீதி நிமிர்ந்து நிற்கும். இழுக்காவிட்டால் அதே மிதவை நீர்மேல் படுத்து அலையோடு அலையாகிவிடும். மேலே வந்த பிறகும் கயிற்றைச் சுற்றி முடிக்கும்வரை இந்த இழுப்பு தொடர வேண்டும்.

நீச்சல்குளத்தின் தரையில் முழங்காலிட்டு ஒருமுறை செய்துகாட்டியதைத் தேர்ச்சி என்று எழுதாதீர்கள். முழங்காலில் இருப்பவருக்கு மிதப்புச் சிக்கல் என்னவென்றே தெரியாது. குறைந்தது மூன்று முறை, நடுநீரில், ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் மாறாமல் விடட்டும். முதலில் சின்ன மிதவை, பிறகு பெரியது.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். ஆரஞ்சு நிற மிதவை இங்கே இருக்கிறோம் என்பதற்கும், மஞ்சள் நிற மிதவை உதவி தேவை என்பதற்கும் என்று சில இடங்களில் வழக்கம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஆகவே உங்கள் படகில் எந்த நிறம் எதைக் குறிக்கும் என்பதை ஒவ்வொரு டைவுக்கு முன்னும் படகோட்டியும் கேட்கும்படி சொல்லுங்கள்.

வாடகைக்குக் கொடுக்கும் மிதவைகளை ஒவ்வொரு நாளும் நன்னீரில் வெளியேயும் உள்ளேயும் அலசுங்கள். உப்புப் படிந்தால் தடுப்பு மடல் ஒட்டிக்கொண்டு ஊதவே வராது. வால்வு இறுகினால் பையின் தையல் பிரியும். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் நிறம் வெளுத்துவிடும். வாரம் ஒருமுறை ஊதி வைத்து, மறுநாள் காலையில் தொய்ந்திருப்பதைத் தனியே எடுத்துவிடுங்கள். ஸ்பூல் கயிற்றை முழுவதும் இழுத்துப் பார்த்து, நைந்த இடம் இருந்தால் புதுக் கயிறு சுற்றுங்கள்.

இப்படிக்கு,
டைவர்களும் பயிற்றுநர்களும்