மின்சிகரெட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிகரெட்டையும் மின்சிகரெட்டையும் சேர்த்துப் பிடிப்பவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று சென்ற ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். என் அண்ணன் இரண்டையும் பிடிப்பவர். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். 17 வயதில் தொடங்கிய பழக்கம், நாளுக்கு ஒரு பாக்கெட். மகள் பிறந்தபோது சிகரெட்டை நிறுத்தத்தான் வேப் எனப்படும் மின்சிகரெட்டை வாங்கினார். இரண்டு வாரம் சிகரெட்டைத் தொடவே இல்லை. பிறகு நண்பர்களோடு தே தாரேக் குடிக்கும்போது ஒன்று. அப்புறம் சாப்பிட்டதும் ஒன்று. இப்போது லோரிக்குள்ளும் வீட்டிலும் வேப், வெளியே நின்றால் சிகரெட்.

ஏன் இரண்டும் என்று அவரிடமே கேட்டேன். வேப்பில் மாம்பழ வாசம். சட்டையில் நாற்றம் ஒட்டுவதில்லை, பிள்ளை மூக்கைப் பொத்துவதில்லை. சிகரெட் பாக்கெட்டோ 17 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. ஆனாலும் தொண்டையில் சுருக்கென்று இறங்குவது சிகரெட்தானாம். சிகரெட் புகையில் நிக்கோட்டின் சில வினாடிகளிலேயே மூளைக்குப் போய்விடுகிறது. இத்தனை ஆண்டுகள் அந்த வேகத்துக்குப் பழகிய உடம்பு அதையே தேடுகிறது. இன்னொன்றையும் அவரே சொன்னார்: சிகரெட் எரிந்து தீர்ந்துவிடும், வேப் தீர்வதில்லை. கை சும்மா இருக்கும்போதெல்லாம் ஓர் இழுப்பு. உடம்பில் நிக்கோட்டின் அளவு குறைய இடைவெளியே கிடைப்பதில்லை. பிறகு பழக்கம் எப்படி விடும்?

நாளுக்கு ஐந்தாகக் குறைத்துவிட்டேன் என்பதுதான் அவருக்கு ஆறுதல். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு நெஞ்சு வலி வரும்வரை. பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2018-இல் வந்த ஆய்வைப் பற்றி அதன் பிறகுதான் படித்தேன். 141 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாளுக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் இருக்கிறதாம். சிகரெட்டை அறவே விட்டு வேப்புக்கு மாறினால் எரிபுகையின் தாரும் கார்பன் மோனாக்சைடும் போய்விடும், அதை நான் மறுக்கவில்லை. ஐந்தை மிச்சம் வைத்தால் அவையும் இருக்கின்றன, வேப்பும் கூடச் சேர்கிறது.

வேப்பில் ஊற்றும் நிக்கோட்டின் திரவத்தை நச்சுப் பொருள் பட்டியலிலிருந்து மலேசிய அரசாங்கம் நீக்கியது 2023 மார்ச் 31-இல். வேப்பையும் சேர்த்து, 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கத் தடை விதித்த புதிய சட்டம் நடப்புக்கு வந்ததோ 2024 அக்டோபர் 1-இல். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் மூன்று வேப் கடைகள் முளைத்தன. அந்த வாசலில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் சிலர் கையில் இன்று சிகரெட்டும் இருக்கிறது. அண்ணன் சிகரெட்டிலிருந்து வேப்புக்கு வந்தார், இவர்கள் வேப்பிலிருந்து சிகரெட்டுக்குப் போகிறார்கள். இவர்களையும் மனவுறுதி இல்லாதவர்கள் என்று திட்டிவிட்டுப் போகலாமா?

மருத்துவமனைப் படிவத்தில் புகைப்பவரா என்று ஒரே கேள்விதான். அண்ணன், "குறைத்துவிட்டேன்" என்றார். நல்லது என்று எழுதிக்கொண்டார்கள். மின்சிகரெட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. படிவத்தில் அதற்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இரண்டும் பிடிப்பவர் எதை முதலில் விடுவது, எப்படி விடுவது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் மருத்துவர் ஒருவர் எழுதினால் என் அண்ணனைப் போன்ற பலருக்கு உதவும்.

அடுத்த மாதம் அவருக்கு மறுபரிசோதனை. நானும் கூடப் போகிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும் இரண்டையும் சொல்லிவிடுவதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
வாசகி, கிள்ளான்