தீப்பெட்டி அளவில் ஒரு போர்

ஆசிரியருக்கு,

போன ஞாயிறு பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸின் 'அமேசான்களின் போர்' ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில், தீப்பெட்டி அளவுக்குப் போட்டிருந்தீர்கள். சரி, இடம் இல்லையாக்கும். ஆனால் 1618 அளவில் பலகையில் தீட்டிய அந்த எண்ணெய் ஓவியம் ஒன்றரை மீற்றருக்கும் மேல் அகலம், இப்போது மியூனிக்கில் இருக்கிறது. கிரேக்கரும், அவர்கள் புராணத்தில் வரும் போர்வீராங்கனைகளான அமேசான் பெண்களும் கல்பாலத்தின் மேல் மோத, குதிரையும் ஆளுமாக இரு பக்கமும் ஆற்றுக்குள் சரிய, பார்க்கிற கண்ணும் சேர்ந்து சுழலும். இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லும் எங்கள் ஊர்ப் பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த எனக்குப் புராணச் சண்டை புதிதில்லை, ஆனாலும் வென்றவர்களை விட விழுகிறவர்கள்தான் அதில் என்னை அதிகம் பிடித்து நிறுத்தினார்கள். அடுத்தமுறை நிறத்தில், அரைப் பக்கமாவது கொடுங்கள்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை