தூத்துக்குடிக்குச் செத்த மீன் சுமந்தவர்களின் மடல்

மீன் வளர்ப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உச்சிப்புளிப் பக்கம் மணலில் குட்டை வெட்டி, தார்பாலின் விரித்து, பங்கஸ் கெளுத்தி வளர்க்கும் மகளிர் குழு நாங்கள். கார்த்திகை மழையில் எங்கள் குட்டை மீன்களுக்கு நோய் வந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று மனு கொடுத்தாயிற்று. அதனால் முதலிலிருந்து சொல்லவில்லை.

தூத்துக்குடி போய் வந்ததை மட்டும் சொல்கிறோம். மீன்கள் மேலே வந்து சோர்ந்து மிதந்தன, தீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்றை அறுத்தால் ஈரலிலும் சிறுநீரகத்திலும் குருணை தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். பரிசோதனைக்கு எங்களுக்குக் கைகாட்டிய இடம் தூத்துக்குடியில் இருக்கும் பரிசோதனைக்கூடம். சாகக் கிடந்த 5 மீனை ஆக்சிஜன் பையில் கட்டி விடிகாலை பஸ் ஏறினோம். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். சாயல்குடி தாண்டுவதற்குள் 4 செத்துவிட்டன. மிச்சமிருந்தது போய்ச் சேர்ந்த இடத்து வாசலில் செத்தது. செத்து நேரமானால் வேறு கிருமிகளும் பெருகிவிடும், நோய்க்கிருமி எதுவென்று பிரிக்க முடியாது, உயிரோடு கொண்டு வாருங்கள் என்றார்கள் அங்கே இருந்தவர்கள். அவர்கள் சொன்னது சரிதான். பஸ்ஸுக்குத்தான் அது புரியவில்லை.

அப்புறம் என்ன, மருந்துக் கடைதான். ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பொடியைத் தீவனத்தில் எண்ணெய் விட்டுப் பிசையச் சொன்னார் கடைக்காரர். நோய் முற்றிய மீன் தீனி எடுக்காது. மருந்தைத் தின்றதெல்லாம் நன்றாயிருந்த மீன்கள். நான்காம் நாள் பொடியை மாற்றினார். அந்தக் கிருமி எதற்குக் கட்டுப்படும் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கிருமியை வளர்த்துப் பார்த்துச் சொல்ல இரண்டு மூன்று நாள் போதுமாம். அதற்குத்தான் இந்த மாவட்டத்திலேயே ஓர் இடம் கேட்கிறோம்.

விழிப்புணர்வுக் கூட்டத்தில் சொன்னீர்கள்: மீனில் ஆக்சிடெட்ராசைக்ளின் மிச்சம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்து போடக் கூடாது. நல்ல பேச்சு. வடையும் நன்றாயிருந்தது. சீட்டு எழுதுவது யார் என்று கேட்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

2010-லேயே மண்டபம் ஊரில் கோபியா என்ற கடல் மீனைக் குஞ்சு பொரிக்கவைத்த மாவட்டம் இது. பெருமைதான், மீனுக்கு நோய் வந்தால் பார்க்கத்தான் இடமில்லை. ஏற்றுமதி இறாலில் மருந்து மிச்சம் இருந்தால் வெளிநாட்டுக்காரன் கன்டெய்னரையே திருப்பி அனுப்புகிறான். எங்கள் கெளுத்தி சந்தைக்குப் போய், குழம்புச் சட்டிக்குப் போகிறது. அதை வாங்குகிற அக்கா யாருக்குத் திருப்பி அனுப்புவார்?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது பெரிதில்லை. உயிரோடு மீனைக் கொண்டுவந்து சேர்க்கும் தூரத்தில், ராமநாதபுரத்தில் ஓர் அறை. கிருமி வளர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர். சீட்டில் கையெழுத்துப் போட ஒரு மருத்துவர். ஐப்பசிக்கு முன்னால் ஏற்பாடு செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். குட்டையில் புதுக் குஞ்சு விட்டாயிற்று.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்