ஆண்டறிக்கை 2023–24: தீவுகளோடு ஒரு வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நம் வாசிப்பு வட்டத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான கணக்கை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து 31 பேர் இந்த வருடம் சந்தா கட்டியிருக்கிறார்கள். ஒன்பது கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டத்தைப் பனி கெடுத்துவிட்டது. இனி மிச்சமுள்ள இடமெல்லாம் தீவுகளுக்குத்தான். வருடம் முழுக்க நாம் பேசியது அதைப் பற்றித்தானே.

இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். சென்ற ஜூன் கடைசியில் நம் வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. அயர்லாந்தின் தீவு ஒன்றில் குடியேறினால் அந்நாட்டு அரசு 84,000 யூரோ தருகிறதாம், நம்மூர்க் காசுக்கு எழுபத்தைந்து லட்சமாம். ஒரே இரவில் நான்கு பேர் அதையே மறுபடி மறுபடி அனுப்பினார்கள். மதுரையிலிருந்து என் மாமாவும் அனுப்பினார், "விசாரி" என்ற ஒரே சொல்லோடு.

சரி, விசாரித்தோம். 2023 ஜூனில் அயர்லாந்து அரசு தன் தீவுகளுக்காகப் பத்தாண்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது உண்மை. கரையோடு பாலம் இல்லாத சுமார் 30 தீவுகள், எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,000 பேர். அங்கே இரண்டு வருடமாவது பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டைச் சீர்செய்ய 60,000 யூரோ வரையிலும், அது இடிந்து விழும் நிலையில் இருந்தால் 84,000 யூரோ வரையிலும் மானியம் உண்டு. வீட்டை முதலில் நீங்கள் வாங்க வேண்டும். வேலை நடந்த பிறகு, நடந்த வேலைக்குத்தான் பணம். விசாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சும்மா வந்து உட்காருகிறவருக்குச் சல்லிக்காசு கிடையாது. மாமாவுக்கு இதை எழுதினேன். பதில் இல்லை.

ஆனால் அந்தச் செய்தியால் ஒரு கேள்வி மிஞ்சியது. பணம் கொடுத்துக் கூப்பிடும் அளவுக்கு இந்தத் தீவுகளுக்கு என்னதான் ஆயிற்று? அதைத் தேடிப் போனதில்தான் வருடம் ஓடிப்போனது.

ஆகஸ்ட் கூட்டத்தில் செயின்ட் கில்டாவைப் படித்தோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் தீவுக்கூட்டம். 1930 ஆகஸ்ட் 29 அன்று அங்கே மிஞ்சியிருந்த 36 பேரும் தாங்களே கேட்டுக்கொண்டபடி கப்பலேறி வெளியேறினார்கள். அயர்லாந்தின் கிரேட் பிளாஸ்கெட்டில் 1953 நவம்பரில் அதேதான் நடந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது புரிந்தது இது: தீவு ஒரே நாளில் காலியாவதில்லை. இளம்பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள், படகு தள்ளவும் கூரை வேயவும் ஆள் குறைகிறது, பள்ளியில் பிள்ளைகள் இல்லை, அப்புறம் ஒரு குளிர்காலத்தை இனிமேல் தாண்ட முடியாது என்று கிழவர்களுக்கே தெரிந்துவிடுகிறது. அன்றைய கூட்டத்தில் இலங்கையின் புங்குடுதீவிலிருந்து வந்த நம் மூத்த அக்கா அதிகம் பேசவில்லை. படத்தில் இருந்த கூரையில்லாத கல்வீட்டு வரிசையைக் காட்டி, "உதைப் பார்த்தா எங்கட ஊர் மாதிரித்தான் கிடக்கு" என்றார். அங்கே போர் செய்ததை இங்கே தூரமும் வறுமையும் செய்திருக்கின்றன. அந்தப் பேச்சை அதற்கு மேல் யாரும் நீட்டவில்லை.

செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள எய்க் தீவுக்குப் போய்வந்தோம். வருடத்தின் பெரிய நிகழ்ச்சி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பதினோரு பேர் மாலேக் துறைமுகம் வரை வாடகை வேனில் போய், அங்கிருந்து கப்பல். வெளியாட்கள் கார் கொண்டுபோக முடியாத தீவு அது. 31 சதுர கிலோமீட்டர்தான் பரப்பு. நடுவில் 393 மீட்டர் உயரத்துக்கு ஆன் ஸ்கூர் என்ற கற்பாறை முதுகு. அதன் உச்சி வரை ஏறியவர்கள் நான்கு பேர். ஐந்து என்று சொல்லிக்கொள்கிறவரை எல்லோருக்கும் தெரியும்.

எய்க்கின் கதையை முன்பே படித்துவிட்டுத்தான் போனோம். 1997 வரை அது முழுக்க ஒருவர் பெயரில் இருந்த சொத்து. கீத் ஷெல்லன்பெர்க் என்பவர் 1975இல் வாங்கினார். மக்களுக்கும் அவருக்கும் ஆகவில்லை. 1994 தொடக்கத்தில் துறைமுகக் கொட்டகையில் நின்றிருந்த அவருடைய பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒரு ராத்திரி எரிந்து போனது. யார் செய்தது என்று கடைசி வரை தெரியவில்லை. அடுத்த வருடம் மருமா என்ற ஜெர்மன் ஓவியருக்குத் தீவை விற்றார். ஊர் விற்கப்பட்டதை ஊர்க்காரர்கள் பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த காலம் அது. நிலம் யார் கையில் இருக்கிறது என்பது வீடு வரைக்கும் வந்து இடிக்கும். நீண்ட காலக் குத்தகை கிடைக்காதவரை எந்த வங்கியும் கடன் தராது; கடன் இல்லாமல் யாரும் ஒரு சுவர் எழுப்ப முடியாது; இருக்கும் வீட்டின் கூரை ஒழுகினாலும் நாளைக்கு எழுப்பிவிடுவார்களோ என்று பழுது பார்க்கவும் மனசு வராது.

1997 ஜூன் 12 அன்று தீவு மக்களே எய்க்கை வாங்கினார்கள். விலை 15 லட்சம் பவுண்டு. ஊர்க்காரர்களும், ஹைலண்ட் கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பும், ஸ்காட்லாந்து வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து ஓர் அறக்கட்டளை அமைத்து, ஆயிரக்கணக்கானவர்களிடம் நன்கொடை திரட்டினார்கள். விலையில் பாதிக்கும் மேல் கொடுத்தவர் பெயர் வெளியே வரக்கூடாது என்று சொன்ன ஒரு பெண்மணி. அன்றைக்கு அங்கே 65 பேர் போல இருந்தார்கள். 25ஆம் ஆண்டு விழா வந்த 2022இல் 110 பேர். நம் அரங்கில் இரண்டு பொங்கல் விழாவுக்குக் கூடும் கூட்டம்கூட இல்லை என்று சிரிக்கலாம். நூறு வருடமாகக் கீழேயே போய்க்கொண்டிருந்த ஓர் எண்ணிக்கை திரும்பி ஏறியது என்பதுதான் விஷயம்.

மின்சாரக் கதை நம் பொறியாளர் அண்ணனைக் கட்டிப்போட்டுவிட்டது. பெருநிலத்திலிருந்து எய்க்குக்கு மின்கம்பி கிடையாது. 2008 பிப்ரவரி வரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். அந்த மாதம் ஊரின் சொந்த மின்நிறுவனம் ஓட ஆரம்பித்தது: ஓடைநீர், காற்று, வெயில் மூன்றும் சேர்ந்து. பத்தில் ஒன்பது பங்கு போல இவற்றிலிருந்தே வருகிறது; இவை கைவிடும் நாளுக்கு மட்டும் டீசல். செலவு ஏறக்குறைய 16 லட்சம் பவுண்டு, அதில் பெரிய ஒரு பங்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி நிதி. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டுக்குப் பிறகு அந்தக் கதவு ஸ்காட்லாந்துத் தீவுகளுக்கு அடைபட்டுவிட்டது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. ஒரு வீடு ஒரே சமயத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது. ஏழை, பணக்காரர் எல்லோருக்கும் அதே அளவுதான், கடைகண்ணிகளுக்கு 10. கெட்டிலைப் போட்டுக்கொண்டே துணி துவைக்கும் இயந்திரத்தையும் முடுக்கினால் எல்லையைத் தொட்டுவிடும். மீறினால் அந்த வீட்டு மின்சாரம் நின்றுவிடும். நாங்கள் தங்கிய விடுதியில் சோறு வைக்க முறை போட்டுக்கொண்டோம். மழையும் காற்றும் தாராளமாக இருந்து மின்சாரம் மிஞ்சினால் அது ஊர்க்கூடத்தையும் தேவாலயத்தையும் சூடாக்கப் போகிறது. நம் வாடகை அரங்கின் வெப்பமூட்டி ஜனவரியிலிருந்து வேலை செய்யவில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

திரும்ப வேண்டிய நாளில் காற்று ஓங்கிவிட்டது. கப்பல் இல்லை. ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்கினோம். நம் புளியோதரை மூன்றாம் நாள்வரை தாங்கியது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். ஆனால் நமக்கு அது ஒரு கதை. அங்கே இருப்பவர்களுக்கு அது ரொட்டி, பால், மருத்துவரிடம் போகும் நாள், விற்க வேண்டிய ஆடு. எய்க்கின் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியை முடித்ததும் மாலேக்கில் விடுதியில் தங்கித்தான் மேலே படிக்கிறார்கள். பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டுப் போகும் பிள்ளை திரும்பி வருமா வராதா என்பதைக் கப்பலும் ஓரளவு முடிவு செய்கிறது. மேற்குக் கரைத் தீவுகளுக்காக 2018இல் ஓடியிருக்க வேண்டிய இரண்டு பெரிய கப்பல்கள் 2024 தொடக்கம் வரை ஒரு பயணியையும் ஏற்றவில்லை. இதைப் பற்றிக் கூட்டத்தில் சூடான வாக்குவாதம் நடந்தது. தீர்மானம் எதுவும் போடவில்லை.

நவம்பரில் பொறியாளர் அண்ணன் டென்மார்க்கின் சாம்சோ தீவைப் பற்றிப் பேசினார். 1997இல் அரசு நடத்திய போட்டியில் வென்று, பத்து வருடத்தில் தன் மின்தேவையைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ள முனைந்த தீவு. தரையில் 11 காற்றாலைகள், கடலில் 10. பல வீடுகளுக்குச் சூடு வைக்கோலை எரித்து வருகிறது. சோரன் ஹெர்மன்சென் என்ற உள்ளூர்க்காரர் வீடு வீடாகப் போய்க் காபி குடித்தே ஊரைச் சம்மதிக்க வைத்தார் என்கிறார்கள். தரையில் நிற்பவை உழவர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் சொந்தம். அண்டை நாடுகளிலெல்லாம் காற்றாலை வேண்டாம் என்று கொடி பிடிக்கையில் இங்கே ஏன் பிடிக்கவில்லை என்று ஒருவர் கேட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, அவ்வளவுதான்.

நான் கேட்ட கேள்வி வேறு: ஆட்கள் கூடினார்களா? இல்லை. நாலாயிரத்துக்கும் மேல் இருந்த சாம்சோவில் இப்போது 3,700 பேர் போலத்தான். அண்ணனுக்கு அந்தப் பதிலில் வருத்தம்தான். காற்றாலை கரண்டு பில்லைக் குறைக்கும். குடியிருக்க வீடு கட்டித்தராது.

வருடம் முழுக்கப் படித்ததில் திரும்பத் திரும்ப வந்து நின்றது இந்த வீடுதான். ஸ்காட்லாந்து அரசு 2021இல் தீவுகளில் குடியேறும் அல்லது அங்கேயே தங்கும் 100 குடும்பங்களுக்கு 50,000 பவுண்டு வரை தரலாம் என்றது. தீவுக்காரர்களிடமே கருத்துக் கேட்டார்கள். பெரும்பாலோர், இந்தப் பணத்தை வீட்டுக்கும் போக்குவரத்துக்கும் போடுங்கள் என்று சொல்ல, அடுத்த வருடம் திட்டம் கைவிடப்பட்டது. இலவசமாகக் காசு வருகிறது, வேண்டாம் என்றவர்கள்! வேலை இருக்கிறது, ஆசிரியர் தேவை, செவிலியர் தேவை. ஆனால் நல்ல வீடுகள் கோடையில் மூன்று வாரம் வருகிறவர்கள் கையில் இருக்கின்றன. 2024 ஏப்ரல் முதல் இரண்டாம் வீடுகளுக்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பாக்கும் உரிமை ஸ்காட்லாந்தின் கவுன்சில்களுக்குக் கிடைத்தது. கொஞ்சம் உதவலாம்.

ஊர் சொந்தமாகிவிட்டால் எல்லாம் சுபம் என்றும் எழுத முடியாது. 2002இல் ஊர் மக்களே 40 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய, ஸ்காட்லாந்தின் கிகா தீவில் அப்போது 98 பேர். வீடுகளைச் சீர்செய்தார்கள், சொந்தக் காற்றாலைகளை நட்டார்கள், ஆட்கள் 160ஐத் தாண்டினார்கள். கூடவே கடனும் ஏறி, ஊருக்குள் சண்டையும் வந்தது. நிலச்சுவான்தார் இருந்தால் அவரைத் திட்டலாம். ஊரே சொந்தக்காரர் என்றால் பக்கத்து வீட்டுக்காரரோடுதான் மல்லுக்கு நிற்க வேண்டும். நம் நிர்வாகக் குழுவில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

கணக்கு: பொருளாளரின் தனி அறிக்கை இணைப்பில் உள்ளது. எய்க்கில் கூடுதலாகத் தங்கிய இரவுக்கு வட்டத்தின் சேமிப்பிலிருந்து எடுத்த தொகையைப் பதினோரு பேரில் எட்டு பேர் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற மூவரின் பெயரை இங்கே எழுதவில்லை, இந்த முறை.

அடுத்த வருடத்துக்கு மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. கிரேக்கத்தின் டிலோஸ், ஸ்பெயினின் எல் ஹியர்ரோ ஆகிய தீவுகள் இரண்டையும் இரண்டு கூட்டங்களில் படிப்பது. 2018இல் ஊர் வாங்கியபோது ஆறேழு பேர்கூட மிஞ்சாமல் இருந்த உல்வா தீவுக்கு ஒரு நாள் போய்வருவது. மூன்றாவது, குளிர்காலத்தில் கிளம்பக்கூடாது என்பது. இதை முன்மொழிந்தவர்கள் அதிகம்.

எய்க் விடுதியில் விட்டுவிட்டு வந்த பெரிய எவர்சில்வர் தூக்குச்சட்டியைப் பத்திரமாகக் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். அது என் வீட்டில் இருக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அறிக்கையை அவை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்