பாப்பாவுக்கு, சவ்வைப் பற்றி

பினாங்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சனிக்கிழமை போனில் சொன்ன விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். சம்பளம் கூடுமா என்று மட்டும் கேட்டாள். என் கவலை வேறு. ஆய்வுக்கூட வேலையை விட்டுவிட்டு, கணினியில் புரத வடிவங்களைக் கணிக்கிற குழுவுக்குப் போகப்போகிறாய். தாராளமாகப் போ. ஆனால் அதற்கு நீ சொன்ன காரணம் இருக்கிறதே, "வடிவப் பிரச்சினை தீர்ந்துபோச்சுப்பா" என்று, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. போனில் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

புரத வடிவத்தைக் கணிக்கிற ஆல்ஃபாஃபோல்டு நிரலைக் குறை சொல்கிற கிழவன் என்று நினைத்துவிடாதே. 2021இல் அது வந்தபோது, நான் பல வருஷம் மல்லுக்கட்டிய ஒரு புரதத்தைத் தேடிப் பார்த்தேன். திரையில் சுருள் சுருளாக வந்து நின்றது. பொறாமையாகத்தான் இருந்தது. 2024இல் நோபல் கொடுத்ததும் நியாயம்தான். ஆனால் படத்தை இன்னொரு முறை பார். புரதம் அந்தரத்தில் தொங்குகிறது. அது எதற்குள் பதிந்து வாழ்கிறதோ செல்லைச் சுற்றிய அந்த மெல்லிய சவ்வு படத்தில் இல்லை. தண்ணீரில் கரைகிற புரதத்துக்கு அப்படிக் காட்டினால் பெரிய நஷ்டமில்லை. உன் புரதங்களோ சவ்வுப் புரதங்கள்.

அமினோ அமில வரிசையே வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று 1972இல் நோபல் வாங்கிய ஆன்ஃபின்சென் சொன்னதாக எல்லா வகுப்பிலும் சொல்லித்தருகிறோம். அவர் சொன்னதில் பாதிதான் அது. அந்தப் புரதத்துக்கு இயல்பான சூழலில் என்ற நிபந்தனையும் சேர்த்துத்தான் சொன்னார். அவர் ஆராய்ந்த ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்துக்குத் தண்ணீர், உப்பு, அமிலத்தன்மை போதும். சவ்வுப் புரதத்துக்குச் சூழல் என்றாலே முதலில் லிப்பிட்தான், சவ்வை ஆக்குகிற கொழுப்பு மூலக்கூறு.

லாக்டோஸ் சர்க்கரையைச் சவ்வைத் தாண்டிக் கடத்துகிற லாக்டோஸ் பெர்மியேஸ் என்ற புரதத்தின் கதையை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேனா, ஞாபகமில்லை. ஈ.கோலை பாக்டீரியாவின் உள்சவ்வு லிப்பிட்டில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஃபாஸ்ஃபாட்டிடைல் எத்தனாலமைன் என்ற வகை இருக்கிறது. ஹூஸ்டனில் வில்லியம் டோஹன் குழு அந்த ஒரே லிப்பிட்டைத் தயாரிக்க முடியாத பாக்டீரியாவை உருவாக்கி, அதற்குள் பெர்மியேஸ் எப்படி இருக்கிறது என்று பார்த்தது. சவ்வைக் குறுக்கே கடக்கிற சுருள்கள் அதில் மொத்தம் 12. அவற்றில் முதல் ஆறும் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தன. வெளியே கொஞ்சமாக இருக்கும் சர்க்கரையை உள்ளே இழுத்துச் சேர்க்கிற வேலையை அதனால் செய்ய முடியவில்லை. புரதத்தின் வரிசையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த லிப்பிட்டைத் திரும்பக் கொடுத்ததும், ஏற்கனவே உருவாகி உட்கார்ந்திருந்த புரதமே பெருமளவு சரியான பக்கம் திரும்பியது! வரிசையை மட்டும் வாங்கிக்கொள்கிற எந்த நிரலும் இந்த இரண்டில் எதைக் காட்டும்? உன் புதுக் குழுவில் முதல் வாரமே இதைக் கேட்டுப் பார்.

நான் முனைவர் பட்டத்துக்கு இங்கிலாந்து போனபோது எனக்குப் புரதம் எதுவும் கொடுக்கவில்லை. டெஃப்லான் தொட்டி ஒன்றைக் காட்டினார்கள். தண்ணீர்ப் பரப்பில் ஒரு மூலக்கூறு கனத்துக்கு லிப்பிட்டைப் பரப்பி, பக்கவாட்டுத் தடுப்பை மெல்ல நகர்த்தி அழுத்தத்தை அளக்க வேண்டும். அந்தத் தொட்டிக்கு மூலம் ஆக்னஸ் பாக்கெல்ஸ் என்ற பெண். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் அவர் இளம்பெண்ணாக இருந்தபோது பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். சமையலறையில் பாத்திரம் கழுவியபடியே பரப்பு இழுவிசையை அளந்தார். 1891இல் ரேலீ பிரபு அவர் கடிதத்தை நேச்சர் இதழில் வெளிவரச் செய்தார். 1925இல் லைடனில் கோர்ட்டரும் கிரெண்டலும் இரத்தச் சிவப்பணுக்களின் லிப்பிட்டை அசிட்டோனில் பிரித்து, அதே மாதிரித் தொட்டியில் பரப்பினார்கள். செல்லின் பரப்பைவிட இரண்டு மடங்கு வந்தது. சவ்வு இரட்டை அடுக்கு என்பது அங்கேதான் தெரிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அசிட்டோன் எல்லா லிப்பிட்டையும் எடுக்கவில்லை. அவர்கள் கணக்கிட்ட செல் பரப்பும் உண்மையைவிடக் குறைவு. இரண்டு பிழையும் ஒன்றையொன்று அடித்துவிட்டதால் விடை சரியாக வந்தது. இப்படி ஒரு அதிர்ஷ்டம் எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை.

அம்மா வாங்கி வைக்கிற சமையல் எண்ணெயை எடுத்துக்கொள். பாமாயிலில் ஏறக்குறைய 44 விழுக்காடு பால்மிட்டிக் அமிலம், 40 விழுக்காடு ஒலிக் அமிலம். நீ தினமும் குழாயில் எடுக்கிற பிஓபிசி என்ற லிப்பிட்டுக்கு ஒரு தலை, இரண்டு வால்; இதே இரண்டும் ஆளுக்கொரு வாலாகத் தொங்குகின்றன. அது உறைவது மைனஸ் 2 டிகிரி வாக்கில். இரண்டு வாலையும் பால்மிட்டிக் ஆக்கிவிட்டால் 41 டிகிரி வரை கெட்டியாகவே இருக்கும். இரண்டும் ஒலிக் என்றால் மைனஸ் 17க்குப் போனால்தான் கெட்டியாகும். தலை மூன்றுக்கும் ஒன்றுதான். ஒலிக் வாலில் இருக்கிற ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு செய்கிற வேலை இது. சவ்வின் கனமும் நெகிழ்வும் இதோடு சேர்ந்தே மாறும், உள்ளே இருக்கிற புரதம் அதற்குத் தக்கபடி வளைந்துகொடுத்தாக வேண்டும்.

இப்போது ரப்பர் பாலுக்கு வருகிறேன். சிரிக்காதே. கெடா தோட்டத்தில் பாட்டி விடியும் முன்னே உளியோடு போய்ப் பாலுக்காக ரப்பர் மரத்தைக் கீறினவள். மங்குக் கிண்ணத்தில் சேர்ந்த பால் ஸ்டோருக்குப் போகிறதற்குள் உறையாமல் இருக்க அமோனியாச் சொட்டு, அங்கே போன பிறகு உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட். இது ஏன் என்று நான் கேட்டபோது, "பாலுக்குப் புளிப்பு ஆகாது" என்றாள். வேதியியல்படி அது சரியான பதில். ரப்பர் துகளின் மேல் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால்தான் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அதை நீக்கிவிடுகிறது. அந்த மின்னூட்டம் எங்கே இருக்கிறது என்றால், துகளைச் சுற்றிய லிப்பிட்டிலும் புரதத்திலும். உள்ளே தண்ணீருக்குப் பதில் ரப்பரே இருப்பதால் அங்கே இரட்டை அடுக்கு தேவையில்லை, ஒற்றை அடுக்கு போதும். வால்கள் ரப்பருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். லூட்டாய்டு என்று பாலிலேயே இன்னொரு சின்னப் பை மிதக்கிறது. அதன் சவ்வு கிழிந்தால் உள்ளிருக்கும் நேர்மின் புரதங்கள் வெளியே வந்து துகள்களை ஒட்டவைத்து, வெட்டின வாயை அடைத்துவிடும். மரத்தில் பால் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்த ஒற்றை அடுக்கைப் பற்றி ஆராயப் பணம் கேட்டேன். ரப்பர் பாலில் என்ன உயிர் இயற்பியல் என்று திருப்பி அனுப்பினார்கள். கையுறைப் புரதங்களால் ஒவ்வாமை என்று உலகம் முழுக்கப் பேச்சு கிளம்பிய பிறகுதான் கொஞ்சம் பணம் வந்தது. அந்த ஒவ்வாமைப் புரதங்களில் இரண்டு, துகளின் மேல்தோலிலேயே உட்கார்ந்திருப்பவை.

ரப்பரைத் தயாரிக்கிற நொதியைத் தனியாக எடுத்துக் குழாயில் போட்டு நீண்ட ரப்பர் வருகிறதா என்று பலரும் பார்த்துத் தோற்றுப்போனார்கள். 2016இல் ஜப்பானில் ஒரு குழு, கழுவிய ரப்பர் துகள்களின் மேலேயே அந்த நொதியை உருவாக்கிப் பொருத்தியது. நீண்ட சங்கிலி வந்தது. நான் ஓய்வு பெற்றபின் படித்த கட்டுரைகளில் என்னைத் தூங்கவிடாதது அது ஒன்றுதான். நொதி கெட்டுப்போயிருக்கவில்லை. அதற்கு உட்கார இடம் கொடுக்காமல் வேலை வாங்கப் பார்த்திருக்கிறோம்.

அதனால் உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். புதுக் குழுவில் சேரும்போது, கணினியோடு ஒரு சோதனை மேஜையும் ஒளிர்வை அளக்கிற ஒரு ஃபுளூரோமீட்டரும் உனக்கு வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடு. சேர்ந்த பிறகு கேட்டால் தரமாட்டார்கள். மாதிரியில் லிப்பிட்டையும் சேர்த்து ஓடவிடுகிற மூலக்கூறு இயக்கக் கணக்கு அங்கே யாராவது செய்தால் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்.

இன்னொன்று, இப்போது கையில் இருக்கிற புரதம். சவ்விலிருந்து டிடர்ஜென்டில் கரைத்து எடுத்ததும் ஒரே நாளில் செயல் போய்விடுகிறது என்றாய். சுத்திகரிக்கும்போது ஒட்டியிருந்த லிப்பிட்டையும் சேர்த்துக் கழுவிவிடுகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். கழுவுகிற தடவையைக் குறை. ஈ.கோலை மொத்த லிப்பிட் கொஞ்சம் திருப்பிச் சேர்த்துப் பார். கார்டியோலிப்பின் என்ற லிப்பிட்டைத் தனியாக ஒரு முறை. முடிந்தால் சவ்வின் சின்ன வட்டுத் துண்டான நானோடிஸ்கில் வைத்து அள. கிளம்புவதற்கு முன் இதை முடித்துவிடு. எந்த லிப்பிட், எத்தனை விழுக்காடு, எத்தனை நாள் தாங்கியது என்று எழுது. படம் அனுப்பாதே, எண்களை அனுப்பு. என் கண்ணாடிக்கு அதுதான் தெரிகிறது.

அம்மா உன் சம்பளக் கேள்விக்குப் பதில் கேட்கிறாள். அதையும் சேர்த்து எழுதிவிடு.

அன்புடன்,
அப்பா