ஓடுகிற காலுக்கு

அன்புள்ள கயலுக்கு,

கால் முன்னெலும்பு வலிக்கிறது, ஐஸ் வைத்துக்கொண்டு ஓடுகிறேன் என்று எழுதியிருந்தாய். ஐஸ் வலியை மரத்துப்போகச் செய்யும், அவ்வளவுதான். என்ன வலி என்று தெரிவதற்கு முன்பே அதை அடக்காதே.

உட்கார்ந்துகொண்டு, முன்னெலும்பின் உள்விளிம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்திக்கொண்டே வா. வலிக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள். 5 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவியிருந்து, ஓடத் தொடங்கும்போது வலித்து உடம்பு சூடேறியதும் குறைந்தால், பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்தான், அதாவது ஓட்டச் சுமையால் முன்னெலும்பின் ஓரம் நோவது. ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால், ஓட ஓட ஏறினால், ராத்திரி படுத்த பிறகும் குடைந்தால், எலும்பில் மயிரிழை விரிசல் என்றே வைத்துக்கொள். அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் போ. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதை நம்பி மறுபடி ஓடினால் விரிசல் முறிவாகிவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்று நீயே கேள். தொடை இடுக்கில் வலி வந்தால் இன்னும் அவசரம். அங்கே தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகினால் ஆபரேஷன்தான்.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? கிலோமீட்டரைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைத்தால் அது தள்ளிப்போகும், நின்றும் போகும். கூடவே எலும்பும் பலமிழக்கும். டாக்டரிடம் இதையும் சொல்ல வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்காதே.

ஷின் ஸ்ப்ளின்ட் என்றால் முழு ஓய்வு வேண்டாம். தூரத்தைப் பாதியாக்கு, மேடும் வேக ஓட்டமும் கொஞ்ச நாள் கிடையாது. அடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு 160 அடி எடுத்து வைக்கிறாய் என்றால் 170 பக்கம் கொண்டு வா. ஒவ்வோர் அடியிலும் காலில் விழும் சுமை குறையும். படியிறங்கும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வரும் வலிக்கும் இதே வைத்தியம். கூட இடுப்புத் தசைக்குப் பயிற்சி சேர்த்துக்கொள்.

குதிகாலுக்கு மேலே, கெண்டைத் தசையை எலும்போடு கட்டும் நாணில் காலையில் விறைப்பும் வலியும் இருந்தால் கணக்கே மாறும். விரிசல் விட்ட எலும்புக்கு ஓய்வு வேண்டும். நாணை வெறுமனே ஓய்வில் வைத்தால் இன்னும் நோஞ்சானாகும். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, இரண்டு காலாலும் எம்பி, வலிக்கிற காலில் மட்டும் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்கு. முட்டியை நீட்டி 15 தடவை, 3 சுற்று. மடக்கி இன்னொரு 15 தடவை, 3 சுற்று. காலை, மாலை இரண்டு வேளையும், 12 வாரம். சுவீடனின் எலும்பு டாக்டர் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது. வலிக்கிற காலாலேயே மேலே எம்புவதும், மூன்றாம் வாரத்திலேயே குணமில்லை என்று கைவிடுவதும்தான் இதைக் கெடுக்கும். நாண் குதிகால் எலும்போடு சேருமிடத்தில் வலி என்றால் படி மட்டத்துக்குக் கீழே இறக்காதே, தரையிலேயே செய்.

காலை எழுந்து வைக்கும் முதல் அடியில் உள்ளங்கால் குத்தினால், விரல்களுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து ஒற்றைக்காலில் மெதுவாக எம்பி இறங்கு, ஒருநாள் விட்டு ஒருநாள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடக்காதே, வீட்டுக்குள்ளும் செருப்பு போடு.

ஓடுவதற்கு முன் புரூஃபன் வலி மாத்திரை போடும் பழக்கம் உன் கூட்டத்தில் இருந்தால் நீ சேராதே. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும்.

மறுபடி ஓட வேண்டுமென்றால், முதலில் 30 நிமிடம் வேக நடை வலியில்லாமல் முடிய வேண்டும். பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு தடவை, ஒருநாள் விட்டு ஒருநாள். நாண் வலி பத்துக்கு மூன்றுவரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி. எலும்புக்கு அந்தச் சலுகை கிடையாது, துளி வலித்தாலும் நிறுத்து.

விரிசல் என்று தெரிந்தால் ஜனவரி மாரத்தான் வேண்டாம். கட்டிய பணம் போனால் போகட்டும்.

அம்மா